செவ்வாய்க்கிழமை அதிகாரி

விர்யோ காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி குஸ்தினா உள்ளறையிலிருந்து வந்தாள். எங்கோ கிளம்பியவள்போல் பழுப்பு நிறக் கெபாயா மேல்சட்டை அணிந்து, தலையை இழுத்து வாரிக் கொண்டை போட்டிருந்தாள். மேசைக்குச் சற்றுத் தள்ளி நின்று கைகளை முன்னால் கோத்துக்கொண்டாள்.

“ஐயா, கையெழுத்துப் போட வந்திருக்கேன்.”

விர்யோ சிரித்துவிட்டார். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார். ஆனால் அவள் பார்வை தரையை விட்டு நிமிரவில்லை. அன்று என்ன கிழமை என்று யோசித்துப் பார்த்தபோதுதான் அவருக்கு விளங்கியது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

மறதி அவளுக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. முதலில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். அப்புறம் மகள் நீனிங்கின் பெயர் போனது. அதையெல்லாம் விர்யோ தாங்கிக்கொண்டார். வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் வந்தார். ஆனால் அவளுக்கு நினைவில் மிஞ்சிய உலகத்தில் தனக்குக் கிடைத்த இடம் இது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

குஸ்தினாவின் முதல் கணவன் தர்சோனோ. ஊர் ஊராகப் போய்க் கெதோப்ராக் நாடகம் போடும் குழுவில் ராஜபார்ட் நடிகன். அறுபத்தைந்தாம் ஆண்டு ஜாவா முழுவதும் கம்யூனிஸ்டுகள் என்று ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, அந்தக் குழு சிவப்புக் கட்சியைச் சேர்ந்தது என்று முடிவு கட்டினார்கள். திரைச்சீலை இழுத்தவனைக்கூட விடவில்லை. தர்சோனோவையும் லாரியில் ஏற்றினார்கள். குஸ்தினாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவளை லாரியில் ஏற்றவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ராணுவ அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவளை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்பான். சில நாள் உடனே அனுப்பிவிடுவான். சில நாள் பொழுது சாயும்வரை சுவரோரமாக நிற்க வைப்பான். அந்த அறையில் வேறு என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

விர்யோ சர்க்கரை ஆலையில் கரும்பு ரயில் ஓட்டினார். தண்டவாளம் ராணுவ அலுவலகத்துக்குப் போகும் சாலையை ஒட்டியே போனது. வாரம் தவறாமல் ஒரு பெண் தனியாக நடந்து போவதையும், எதிரே வருகிறவர்கள் அவளைக் கண்டதும் மறுபக்கம் ஒதுங்குவதையும் எஞ்சினிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கரும்பு வெட்டு முடிந்து வேலை குறைந்த ஒரு மாதத்தில், இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நடந்தார்.

“என்கூட நடந்தா உங்க வேலை போயிடும்” என்றாள் அவள்.

“போகாது. அந்த எஞ்சின் வேற யார் பேச்சையும் கேட்காது” என்றார் அவர்.

அவள் உள்ளே போனதும் எதிரேயிருந்த புளியமரத்தடியில் குந்திக் காத்திருந்தார். அதன்பிறகு எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் அப்படிப் போயின. தூரத்துத் தீவிலிருந்த சிறை முகாமிலிருந்து வந்த ஒருவன் தர்சோனோ இறந்துவிட்டதாகச் சொன்னான். மேலும் ஒரு வருடம் கழித்து விர்யோ அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். நீனிங் பிறந்தாள். கையெழுத்து மட்டும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் போனபோது அந்த அறை பூட்டிக் கிடந்தது. அடுத்த வாரமும் அப்படித்தான். முடிந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று அவளிடம் சொல்ல அங்கே ஆள் இல்லை. வெகுகாலம் வரை செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

தர்சோனோ சாகவில்லை. எழுபத்தொன்பதில் கைதிகளைத் தீவிலிருந்து விட்டபோது அவரும் திரும்பி வந்தார். விர்யோ ஆலையில் இருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அன்று வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று விர்யோ மனைவியிடம் கேட்கவில்லை. கேட்காமலே முப்பது வருடம் ஓடிவிட்டது.

தான் அந்த அதிகாரி இல்லை என்று இப்போது அவளுக்குப் புரிய வைக்க விர்யோ படாத பாடு பட்டார். கல்யாணப் போட்டோவை எடுத்துக் காட்டினார். அவள் அதில் இருந்த இளைஞனை உற்றுப் பார்த்துவிட்டு, “இவரையும் பிடிச்சிட்டீங்களா, ஐயா?” என்று கேட்டாள். நீனிங் ஆலை வாசலில் சோற்றுக்கடை வைத்திருந்தாள். அவள் ஒரு யோசனை சொன்னாள்.

“மீசையை எடுத்துடுங்கப்பா. அந்த ஆளுக்கு மீசை இருந்திருக்கும்.”

விர்யோ மழித்துக்கொண்டார். அடுத்த செவ்வாயன்று குஸ்தினா வழக்கம்போல் வந்து நின்று, “நீங்க புதுசா மாத்தலாகி வந்திருக்கீங்களா, ஐயா?” என்றாள்.

சாயங்காலங்களில் வேறு மாதிரி. வாசல் பக்கம் பார்த்தபடி, “ஒத்திகை இன்னும் முடியலையா? மாஸ் தர்சோ இன்னும் வரலையே” என்பாள். மாஸ் என்பது அவள் கணவனைக் கூப்பிடும் சொல். பயம் இல்லாத நேரத்தில் அவள் சொன்ன பெயர் அது ஒன்றுதான். விர்யோ பல நாள் யோசித்துவிட்டு மகளிடம் சொன்னார்.

“நான் போய் அவரைக் கூட்டிட்டு வரப்போறேன்.”

“உங்களுக்குமா மறதி வந்துடுச்சு? ஊர் என்ன பேசும்?”

“ஊரு எனக்காக எப்ப பேசாம இருந்துச்சு?”

தர்சோனோ கடலோரத்தில் பிரெபெஸ் பக்கம் வாத்து வளர்ப்பதாகக் கேள்வி. இரண்டு பஸ் மாறிப் போய் விர்யோ விசாரித்துக் கண்டுபிடித்தார். கைலியைத் தூக்கிக் கட்டிய ஒல்லியான கிழவர் ஒருவர் செங்கல் தூளையும் உப்பையும் குழைத்து, உப்பு ஊறுவதற்காக வாத்து முட்டைகளின்மேல் பூசிக்கொண்டிருந்தார். ராஜபார்ட்டின் அடையாளமாக அவரிடம் மிச்சமிருந்தது நிமிர்ந்த முதுகு ஒன்றுதான். வந்தவர் யாரென்று தெரிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

விர்யோ எல்லாவற்றையும் சொன்னார். தர்சோனோ கிராம்பு சிகரெட்டைப் பற்றவைத்துப் பாதிவரை புகைத்தார்.

“விர்யோ, நான் அவளை மறக்க எவ்வளவு காலம் பிடிச்சது தெரியுமா? இப்ப அவ மறக்கலைன்னு சொல்ல வந்திருக்கீங்க.”

“நானும் ஆசையா வரலை.”

“தெரியுது. முகத்துல எழுதியிருக்கு.”

விர்யோவுக்கு அப்போதுதான் அந்தக் கேள்வி வாயில் வந்தது. அன்றைக்கு, தேநீர் குடித்த அன்றைக்கு, என்ன பேசினீர்கள் என்று கேட்டார். தர்சோனோ வாத்துகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“வந்துடு, போகலாம்னு கூப்பிட்டேன். குழந்தை அவ மடியில தூங்கிட்டு இருந்தது. ‘இனிமே என்னை யாரும் எங்கேயும் கூப்பிடக் கூடாது’ன்னா. அவ்வளவுதான். சத்தம்கூட உயரலை. நான் எழுந்து வந்துட்டேன்.”

விர்யோ தலையை ஆட்டினார். முப்பது வருடமாகப் பயந்திருந்த பதில் அது இல்லை. ஆசைப்பட்ட பதிலும் இல்லை. அவள் தன்னோடு இருந்தது தனக்காகவா, யாரும் கூப்பிடாத ஒரு மூலை வேண்டும் என்பதற்காகவா? அதை இனி யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தர்சோனோ தானாகவே வந்து சேர்ந்தார். இஸ்திரி போட்ட பாட்டிக் சட்டை, தலையில் எண்ணெய், கையில் உப்பு முட்டைக் கூடை. வாசலில் நின்று சட்டைக் காலரை மூன்று முறை சரிசெய்தார். விர்யோவுக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகவும் பாவமாகவும் இருந்தது.

குஸ்தினா முற்றத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“யாருங்க பெரியவரே? எங்கேயிருந்து வர்றீங்க?”

தர்சோனோ முட்டைக் கூடையைக் கீழே வைத்தார். “தீவுலேருந்து வர்றேன்மா” என்றார்.

அவள் சட்டென்று முன்னால் நகர்ந்தாள். “தீவுலேருந்தா? அங்க என் வீட்டுக்காரர் இருக்கார். தர்சோனோன்னு பேரு. உயரமா, சிவப்பா இருப்பார். பார்த்தீங்களா?”

விர்யோ கதவருகே நின்றிருந்தார். தர்சோனோ நிதானமாகப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“பார்த்தேன். நல்லா இருக்கார். நெல்லு போட்டிருக்கார்.”

“அவருக்கு நாத்து நடவே தெரியாதே.”

“கத்துக்கிட்டார். முதல் வருஷம் எல்லாம் பதராப் போச்சு.”

“நடிக்கிறாரா?”

“எப்பவாவது.”

“ராஜா வேஷமா?”

“அங்க ராஜா வேஷம் ஏதும்மா? எல்லாரும் சேவகன் வேஷம்தான்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை விர்யோ கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் குரலைத் தாழ்த்தி, கண்ணால் விர்யோவைக் காட்டினாள். “பார்த்துப் பேசுங்க. அந்த ஐயா நின்னு கேட்டுட்டு இருக்கார்.”

தர்சோனோ அங்கேயே தங்கினார். நீனிங் முகத்தைச் சுளித்துக்கொண்டே அவருக்குப் பாய் விரித்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் குஸ்தினா கெபாயா அணிந்து வந்து நின்றதையும், விர்யோ “நான் உன் புருஷன், குஸ்தினா, என்னைப் பாரு” என்று கெஞ்சக் கெஞ்ச அவள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டதையும் தர்சோனோ கண்ணால் பார்த்தார். பிறகு விர்யோவைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார்.

“நீங்க பண்றது தப்பு. அவ பக்கமிருந்து பாருங்க. அந்த அதிகாரி ‘நான் உன் புருஷன்’னு சொல்லிக் கிட்ட வர்றான். பயப்படாம என்ன செய்வா?”

விர்யோ வாழைமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். அந்தக் கோணத்தில் அவர் யோசித்ததே இல்லை.

“அப்ப நான் என்னதான் செய்யறது?”

“அதிகாரியா இருங்க.”

“என்ன?”

“நானும் அவளை விடுவிக்க முடியாது, நீங்களும் முடியாது. அவளை வரச் சொன்னவன்தான் வர வேண்டாம்னு சொல்லணும். அவனுக்கு இப்ப உங்க முகம்தான் இருக்கு.”

“அந்த நாயோட வேஷத்தை நான் போடணுமா? நான் அவன் இல்லைன்னு நிரூபிக்க எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?”

“வேஷம்தானே. நான் எத்தனை அரக்கனா நடிச்சிருக்கேன். வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுத் தூங்கலையா?”

அந்த வாரம் முழுவதும் கொல்லையில் ஒத்திகை நடந்தது. விர்யோ மோசமான நடிகர். வசனத்தை மறந்தார், வாழைமரத்தைப் பார்த்துப் பேசினார், கடைசியில் மன்னிப்புக் கேட்கிற தொனிக்கு வந்துவிடுவார்.

“குனியாதீங்க” என்றார் தர்சோனோ. “அதிகாரிங்க மன்னிப்புக் கேட்கமாட்டாங்க. கேட்டா அவ நம்பமாட்டா. நீங்க என்னமோ எஞ்சினைத் தடவிக்கொடுக்கிற மாதிரி பேசறீங்க.”

“எஞ்சின் கேட்டுச்சே.”

நீனிங் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு கிழங்களுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முணுமுணுத்தாள். ஆனால் திங்கட்கிழமை அப்பாவின் பழைய ஆலைக் காக்கிச் சட்டையைத் தேடி எடுத்து, துவைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தது அவள்தான்.

மறுநாள் காலையில் விர்யோ காக்கிச் சட்டையும் தொப்பியுமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். தர்சோனோ சுவரோரம் நாற்காலியில் இருந்தார். குஸ்தினா வந்து நின்று கைகளைக் கோத்துக்கொண்டாள்.

“ஐயா, கையெழுத்துப் போட வந்திருக்கேன்.”

“உட்காருங்க” என்றார் விர்யோ.

அவள் உட்காரவில்லை. அந்தச் சொல் தனக்குத்தானா என்று சந்தேகப்படுவதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னைக்குக் கையெழுத்து வேண்டாம்” என்றார். ஒத்திகையில் சொன்னபடி முதுகை நிமிர்த்திக்கொண்டார். “மேலேயிருந்து உத்தரவு வந்திருக்கு. உங்க விஷயம் முடிஞ்சுபோச்சு. இனிமே நீங்க வர வேண்டியதில்லை.”

“அடுத்த வாரமா, ஐயா?”

“எந்த வாரமும் வேண்டாம்.”

“உங்களுக்கு அப்புறம் வேற ஐயா வந்தா? ஏன் வரலைன்னு கேட்பாங்களே.”

ஒத்திகையில் இது இல்லை. சுவரோரத்திலிருந்து தர்சோனோ சொன்னார்: “நான் சாட்சிம்மா. தீவுல எல்லாரையும் விட்டாச்சு. இங்கேயும் விட்டாச்சு.”

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு விர்யோவைப் பார்த்தாள். முதல்முறையாக நேருக்கு நேராக, கண்ணுக்குள்.

“நான் என்ன தப்பு பண்ணினேன், ஐயா?”

தர்சோனோ எச்சரிப்பதுபோல் லேசாகத் தலையசைத்தார். விர்யோ அதைக் கவனிக்கவில்லை.

“நீங்க ஒரு தப்பும் பண்ணலைம்மா. தப்பு எங்க பேர்லதான்.”

“அப்ப இத்தனை வருஷம் எதுக்கு வரச் சொன்னீங்க?”

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். விர்யோ தொப்பியைச் சரிசெய்தார்.

“தெரியலை” என்றார் கடைசியில். “எனக்குத் தெரியலைம்மா.”

குஸ்தினா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அழுகையோ சிரிப்போ முகத்தில் இல்லை. வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவள் நிழலில் உட்கார்ந்ததுபோல் இருந்தாள். பிறகு எழுந்து கெபாயாவை இழுத்துச் சரிசெய்தாள்.

“சரி ஐயா, நான் கிளம்பறேன். வெளியில என் வீட்டுக்காரர் காத்துட்டு இருப்பார்.”

விர்யோ தர்சோனோவைப் பார்த்தார். வீட்டுக்காரர் என்றால் யார்?

“ஆலை ரயில் ஓட்டறாரே, அவர்தான்” என்றாள் அவள், கேட்காத கேள்விக்குப் பதில்போல. “வெயில்ல மரத்தடியில குந்திட்டு இருப்பார். உள்ள வரச் சொன்னா வரமாட்டார். போய்ச் சொல்லணும்.”

அவள் வாசலை நோக்கி மெல்ல நடந்தாள். விர்யோ இன்னும் மேசைக்குப் பின்னாலேயே இருந்தார். தர்சோனோதான் எழுந்து வந்து அவர் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கினார்.

“என்ன பார்த்துட்டு இருக்கீங்க? போங்க. பின்வாசல் வழியா.”

விர்யோ ஓடினார். எழுபத்துமூன்று வயதில், சமையலறை வழியாக, நீனிங்கின் அரிசிக் கூடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, காக்கிச் சட்டையைக் கழற்றி வாழைத்தோப்பில் எறிந்துவிட்டு, உள்பனியனோடு வீட்டைச் சுற்றி ஓடினார். முன்கதவுக்கு வெளியே போய்ச் சேரவும் அவள் படியிறங்கவும் சரியாக இருந்தது. தெருவில் புளியமரம் எதுவும் இல்லை. வேலியோரம் அப்படியே குந்திக்கொண்டார்.

குஸ்தினா அவர் முன்னால் வந்து நின்றாள்.

“என்ன மாஸ் விர்யோ, இப்படி மூச்சு வாங்குது?”

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“விட்டுட்டாங்க” என்றாள். “இனிமே வர வேண்டாமாம். ஏன் வரச் சொன்னாங்கன்னு அவங்களுக்கே தெரியலையாம்.” அவர் தோளைத் தொட்டாள். “எழுந்திருங்க. சட்டை எங்கே? இப்படியா தெருவுல நிப்பாங்க?”

அவளைக் கைபிடித்து ஆலைவரை நடத்திக்கொண்டுபோய்த் திரும்பக் கூட்டி வந்தார் விர்யோ. அவர்கள் வந்தபோது தர்சோனோ அதே நாற்காலியில் இருந்தார். மேசைமேல் தொப்பி இருந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன. “நல்ல நடிப்பு” என்றார், “கடைசிக் காட்சி மட்டும் கொஞ்சம் ஓவர்.” மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். இருக்கச் சொல்லி விர்யோ வற்புறுத்தவில்லை.

குஸ்தினாவுக்கு நினைவு திரும்பிவிடவில்லை. மறுநாளே விர்யோ யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு காலைப்பொழுதோடு சரி. அதன்பின் அபூர்வமாக ஒன்றிரண்டு தடவை. ஆனால் செவ்வாய்க்கிழமைகள் மற்றக் கிழமைகளைப்போல் ஆயின. கெபாயா பெட்டியிலேயே கிடந்தது. விர்யோ கிட்டே போனால் அவள் சுவரோடு ஒட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்துபோகும் யாரோ ஒரு நல்ல மனிதர் என்ற மட்டில் அவரை ஏற்றுக்கொண்டாள். அவர் ஊட்டினால் சாப்பிட்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது விர்யோ மறுபடி பிரெபெஸுக்குப் பஸ் ஏறினார்.

“அவ கூப்பிட்டாளா?” என்று கேட்டார் தர்சோனோ.

“இல்லை. நான்தான் கூப்பிடறேன். டோமினோ ஆட ஆள் இல்லை.”

அதற்குப்பின் தர்சோனோ மாதத்துக்கு ஒருமுறை முட்டைக் கூடையோடு வந்தார். குஸ்தினா ஒவ்வொரு முறையும் அவரைப் புதிதாகப் பார்த்து, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். தீவுலேருந்து என்று அவரும் சலிக்காமல் சொன்னார். நான்தான் அவன் என்று சொல்லிவிடுங்களேன் என்று விர்யோ ஒருநாள் சொல்லிப் பார்த்தார். “அவ உயரமா, சிவப்பா ஒருத்தனைத் தேடறா. இந்தப் பொக்கைவாயைக் காட்டி அவனையும் பறிக்கச் சொல்றீங்களா?” என்றார் தர்சோனோ.

ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், மூவரும் முற்றத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். குஸ்தினா தோலை உரித்தபடியே தர்சோனோவிடம் கேட்டாள்.

“உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா, பெரியவரே?”

“ஆச்சும்மா.”

“அவங்க எங்க இருக்காங்க? எப்படி இருப்பாங்க?”

தர்சோனோவின் கையிலிருந்த கிழங்கு பாதி வழியில் நின்றது. விர்யோ இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“தண்ணி கொதிக்குது, பார்த்துட்டு வரேன்” என்றார்.

அடுப்பில் எதுவும் இல்லை. சமையலறையில் நின்றபடி, தர்சோனோ தாழ்ந்த குரலில் நெடுநேரம் ஏதோ சொல்வதையும், நடுநடுவே குஸ்தினா சிரிப்பதையும் கேட்டார். வார்த்தைகள் காதில் விழவில்லை. ஜன்னலோரம் போயிருந்தால் விழுந்திருக்கும். போகவில்லை. கெட்டிலில் தண்ணீர் பிடித்து, விறகைத் தள்ளி, அடுப்பை ஊதிப் பற்றவைத்தார்.